எத்தனை மாசம் என்று கேட்டார்கள்

கல்யாணமாகி நாலாவது வருஷம் என் வயிறு பெருக்க ஆரம்பித்தது.

தேவிபட்டினத்துக்கு மேற்கே, கடல் காற்று வரும், ஆனால் கடல் தெரியாது என்கிற தூரத்தில் இருந்தது நான் வாழ்க்கைப்பட்ட ஊர். கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாத வருஷம் மிளகாய். பிள்ளையில்லாத மருமகள் என்று யாரும் என்னை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. ஆனாலும் விசேஷ வீடுகளில் நான் போய் நின்றால் பேச்சு கொஞ்சம் தணிந்துபோகும். அதனால்தான் அந்த ஐப்பசியில், களையெடுக்கிற வயலில் குனிய முடியாமல் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, கூட இருந்த பெண்கள் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நானும் சிரித்தேன்.

உள்ளுக்குள் ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. மசக்கை இல்லை, புளிப்பு கேட்கவில்லை. மாதவிலக்கும் முழுதாக நிற்கவில்லை. ஒருநாள் மாமியாரிடம் கேட்டேவிட்டேன்.

"அத்தை, எனக்கு இன்னும் வீட்டுக்கு விலக்கு நிக்கலையே. இது புள்ளைதானா?"

"சில பேருக்கு அப்படித்தான் ஆத்தா இருக்கும். நீ பாட்டுக்கு எதையாச்சும் சொல்லி வைக்காத" என்றார். அவர் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்த பிறகு மறுபடி கேட்க வாய் வரவில்லை. அவர்களாகவே ஒரு கணக்கு வைத்து, ஏழாம் மாதம் என்று தை மாதத்தில் எனக்கு வளையல் போட்டார்கள். பங்குனி வந்தது, சித்திரை வந்தது. வலி வரவில்லை. வைகாசி பிறந்தபோது நான் நடந்தால் மூச்சு வாங்கியது. படுத்தால் வயிறு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஊர்ப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

என் கணவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒரு காலையில் யாரிடமும் கேட்காமல் வண்டியைப் பூட்டி என்னை ராமநாதபுரத்துக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த டாக்டர் நெடுநேரம் அமுக்கிப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டே, "இது பிள்ளை மாதிரித் தெரியலை. கட்டியா இருக்கும்னு நினைக்கிறேன். இங்கன அதுக்கு வசதி கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார்.

வீட்டில் சொன்னபோது மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து என் தலையைக் கோதிவிட்டு, "புள்ள கெடக்கட்டும் ஆத்தா. நீ நல்லபடியா வீடு வந்து சேரு. மாட்டையும் வயலையும் நான் பாத்துக்கிறேன்" என்றார். அந்தச் சொல்லைத்தான் நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. குறை சொல்வதற்காக இதை எழுத உட்காரவில்லை. ஆனால் குறையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லவும் முடியாது.

அவ்வளவு பெரிய கட்டடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ராமேசுவரம் கோயில் பிரகாரம் நீளம்தான். ஆனால் அங்கே நடந்தால் சாமியிடம் போய்ச் சேரலாம் என்று தெரியும். இங்கே எந்தத் தாழ்வாரம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. சீட்டு எழுதுகிற இடத்தில் வெயில் ஏறும்வரை நின்றோம். எங்கள் முறை வந்ததும் அங்கே இருந்தவர் தலை நிமிர்ந்து என் வயிற்றைப் பார்த்தார்.

"எத்தனை மாசம்?"

"புள்ளை இல்லைங்கய்யா. கட்டின்னு சொல்லி அனுப்பியிருக்காக" என்றார் என் கணவர்.

"வயித்தப் பார்த்தா தெரியாதா? பிரசவத்துக்கு அந்தப் பக்கம். ஆம்பளைங்க உள்ளே வரக்கூடாது. அடுத்த ஆள்!"

பின்னால் இருந்தவர்கள் எங்களைத் தள்ளினார்கள். ஒரு ஆயா வந்து என் கையைப் பிடித்து, "வாம்மா, நேரமாக்காதே" என்று இழுத்துக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்தேன். என் கணவர் துணி மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தூண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கதவு சாத்தப்பட்டது.

அப்படித்தான் வயிற்றில் பிள்ளையில்லாத நான் பிரசவ வார்டில் படுத்தேன்.

சுற்றிலும் தாய்மார்கள். சிலர் வலியில் கத்தினார்கள், சிலர் பால் கொடுத்தார்கள். எல்லாப் பக்கமும் பிள்ளை அழுகிற சத்தம். காலையில் ஒரு நர்ஸம்மா வந்து எத்தனை மாசம் என்று கேட்பார். நான் கட்டி என்பேன். "டாக்டர் வந்து பார்ப்பாங்க, வலி வந்தா கூப்பிடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். மதியம் வேறொருவர் வந்து அதையே கேட்பார். மாணவர்கள் கூட்டமாக வந்து போர்வையை விலக்கி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். போர்வையை மறுபடி மூடிவிட்டுப் போக யாருக்கும் தோன்றாது. நானே இழுத்து மூடிக்கொள்வேன்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் பாம்பனிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். மீன்பிடிக்கிற குடும்பம், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள். முதல் இரண்டு பிள்ளையும் பிறக்கும்போதே தவறிவிட, மூன்றாவதுக்குப் பங்குச்சாமியார்தான் வற்புறுத்தி இங்கே அனுப்பி வைத்திருந்தார். வயிற்றைக் கிழித்து எடுத்த ஆண் பிள்ளை, பக்கத்தில் துணிச்சுருளாகக் கிடந்தது. அவளுக்கு என்னைவிட வயது குறைவு. குரல் மட்டும் படகிலிருந்து கரைக்குக் கூப்பிடுகிற குரல். எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டதுமே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

"என்னக்கா, வந்ததுலருந்து மூஞ்சிய அந்தப் பக்கமே திருப்பிக்கிட்டு இருக்கீக?"

சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "மாதாவே! அப்பிடின்னா உங்கள எதுக்கு இங்கன கொண்டாந்து போட்டுருக்காக?" என்றாள். அந்தக் கேள்வியை அந்த வார்டில் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

நாலைந்து நாள் அப்படியே போயிற்று. சாயங்காலம் பார்வையாளர்களை விடுகிற நேரத்தில் என் கணவர் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். "சொன்னியா?" என்பார். "சொன்னேன்" என்பேன். "நானும் சொல்லிப் பார்த்தேன், யாரும் காது குடுக்க மாட்டேங்கிறாக" என்பார். ஒருநாள் அவர் ஒரு டாக்டரை வாசலில் மறித்துப் பேசப் போய், காவலாளி அவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளியிருக்கிறார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பாம்பன்காரியின் புருஷன் பார்த்துவிட்டு வந்து சொன்னதுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் பிள்ளை, பிள்ளை என்று சொல்லச் சொல்ல, எனக்கே ஒரு நப்பாசை முளைத்துவிட்டது. இத்தனை படித்தவர்கள் சொல்கிறார்களே, ராமநாதபுரம் டாக்டர்தான் தப்பாகச் சொல்லிவிட்டாரோ? படுத்தபடியே வயிற்றில் கை வைத்துப் பார்ப்பேன். ஏதோ அசைந்த மாதிரிகூட இருக்கும்.

அந்த நேரத்தில்தான் சின்ன டாக்டரம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். படிப்பு முடித்துப் பயிற்சிக்கு வந்தவர். ஊதல் மாதிரி ஒரு மரக்குழலை என் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். இடம் மாற்றி இடம் மாற்றி வைத்தார். அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன்.

"என்னம்மா?" என்றேன்.

"குழந்தையோட நாடித்துடிப்பு கேட்கலை." கொஞ்சம் தயங்கி, "உள்ளேயே இறந்துபோயிருக்கும்னு நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

நான் அழுதேன். இல்லாத பிள்ளைக்காக அப்படி அழுதேன். அது இல்லாத பிள்ளை என்று புத்திக்குத் தெரியாமலில்லை. ஆனால் சில நாளாக அது எனக்குள் இருந்ததே, அது செத்துப்போய்விட்டது என்கிறார்களே. பாம்பன்காரி தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் பெரிய டாக்டரம்மா வார்டைச் சுற்றி வந்தார். உயரமான அம்மாள், கரகரத்த குரல், கண்ணாடி. பின்னால் ஒரு படையே வந்தது. எங்கள் வரிசையில் பாதியில் நின்று திரும்பப் போனார். உடனே பாம்பன்காரி அந்தப் படகுக்குரலை எடுத்தாள்.

"டாக்டரம்மா! இந்த அக்காவையும் ஒருக்கா பாத்துட்டுப் போங்க. வந்த அன்னைலருந்து கட்டி கட்டின்னு கத்துறாக, ஒருத்தரும் கேக்கல. நேத்து வந்து புள்ள செத்துப்போச்சுன்னு சொல்லிட்டுப் போறாக. விடிய விடிய அழுதிருக்காக!"

ஒரு நர்ஸ் "ஏய், சும்மா இரு" என்று ஓடி வந்தார். பெரிய டாக்டரம்மா கையைத் தூக்கி அவரைத் தடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

போர்வையைத் தானே விலக்கினார். இடது கை விரலை வயிற்றில் பரப்பி வைத்து, வலது கை விரலால் அதன்மேல் தட்டிக்கொண்டே வந்தார். பலாப்பழம் பழுத்ததா என்று தட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. மாதவிலக்கைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். பிறகு திரும்பி இங்கிலீஷில் என்னவோ சொன்னார். குரல் உயரவில்லை, ஆனால் சின்ன டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு என்னிடம் தமிழில் சொன்னார். "உன் வயித்துல பிள்ளை இல்லம்மா. ஒண்ணும் சாகவும் இல்லை. கர்ப்பப்பைக்குப் பக்கத்துல சினைப்பைன்னு ஒண்ணு இருக்கு. அதுல தண்ணி கோத்துக் கட்டியா வளர்ந்திருக்கு. பெரிய கட்டிதான். ஆனா எடுத்துடலாம். நீ பிழைச்சுக்குவே."

"நான் வந்த அன்னைக்கே சொன்னேம்மா."

"சொன்னியா?"

"எல்லார்ட்டயும் சொன்னேன்."

அவர் என் தலையில் ஒரு நிமிஷம் கை வைத்திருந்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அன்றைக்குப் பகலெல்லாம் நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகாவது எல்லாம் சுலபமாக நடந்ததா என்றால் இல்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் காலையில் தள்ளுவண்டியில் வைத்து தியேட்டர் வாசலில் கொண்டுபோய் விட்டார்கள். வெளியே என் கணவர் கும்பிட்டபடி நின்றார். உள்ளே ஏதோ அவசரக் கேஸ் வந்துவிட்டது. மதியம்வரை அங்கேயே கிடந்துவிட்டு வேறு வழியாக வார்டுக்குத் திரும்பி வந்தேன். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. எனக்கு ஆபரேஷன் நடக்கிறது என்று நினைத்து அவர் பொழுது சாயும்வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டாவது தடவை மயக்க மருந்து கொடுக்கிறவர் வரவில்லை என்று திருப்பிவிட்டார்கள். அன்றைக்கு நான் நர்ஸம்மாவிடம் கத்திவிட்டேன்.

"நான் என்ன ஆடா மாடா? ரெண்டு நாளாப் பட்டினி போட்டுக் கொண்டுபோறதும் கொண்டுவாறதுமா இருக்கீகளே!"

அவரும் விடவில்லை. "நானும்தான் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை. இத்தனை கட்டிலுக்கு நான் ஒருத்தி. என்னை யார் கேட்கிறா?" என்று கத்திவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் சூடாகக் கஞ்சி கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்தார். "குடி" என்றார். "நீங்க?" என்றேன். "போறேன், போறேன்" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் கோபமும் இல்லை.

மூன்றாவது தடவை ரத்தம் வேண்டும் என்றார்கள். என் கணவர் உடனே கையை நீட்டினார். எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, அவர் ரத்தம் எனக்குச் சேராது என்றார்கள். ஊருக்குச் சொல்லி அனுப்பி ஆள் வருவதற்கு எத்தனை நாளாகும்? வந்தாலும் அந்தக் காலத்தில் ரத்தம் கொடுத்தால் ஆள் நொடித்துப்போவான் என்று பயந்து ஓடுவார்களே தவிர, நிற்க மாட்டார்கள். அவர் ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பாம்பன்காரியின் புருஷன் பார்த்திருக்கிறார்.

"என்னண்ணே, என்ன ஆச்சு?"

விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கா இப்பிடிக் குந்தியிருக்கீக? வாங்க, என்னுதப் பாக்கச் சொல்லுவோம். தூண்டில் கிழிச்சும் திருக்கை முள்ளு குத்தியும் எம்புட்டு ரத்தத்தக் கடல்ல விட்டுருக்கேன். அதுல கொஞ்சம் அக்காவுக்குப் போகட்டும்" என்று எழுந்து வந்துவிட்டார்.

அவருடையது சேர்ந்தது. எங்களுக்கு அவர் யார்? வேறு ஊர், வேறு தொழில், வேறு வேதம். தன் பெண்டாட்டிக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள் என்பதைத் தவிர என்னிடம் அவருக்கு எந்த உறவும் கிடையாது.

ஆபரேஷன் அன்றைக்கு மயக்க மருந்தில் நனைத்து முகத்தில் மூடிய துணியின் வாடையும், "பயப்படாதே, நான் இங்கேதான் இருக்கேன்" என்ற கரகரத்த குரலும் ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது தாகம். அப்படி ஒரு தாகம் என் ஆயுசுக்கும் வந்ததில்லை. தண்ணீர் கொடுக்கக் கூடாதாம். நான் கத்தினேனே, அந்த நர்ஸம்மாதான் பஞ்சை நனைத்து நனைத்து என் உதட்டில் வைத்தார். கையைக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தேன். வயிறு இருந்த இடத்தில் கட்டுத்துணிதான் இருந்தது. மூச்சு அடிவரைக்கும் போய் வந்தது. மூச்சு விடுவது இத்தனை சுகமா என்று நினைத்தேன்.

கட்டியை என் கணவருக்குக் காட்டியிருக்கிறார்கள். "பெரிய பூசணிக்காய் கணக்கா இருந்துச்சு" என்றார். எனக்குக் காட்டவில்லை. மாணவர்கள் பாடம் படிப்பதற்காகக் கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்துவிட்டார்களாம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

புண் ஆறச் சில வாரம் ஆயிற்று. கட்டு மாற்றுகிற அறைக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு மறந்துபோவார்கள். ஒரு பக்கம் தையல் சீழ் பிடித்து மறுபடி பிரித்தார்கள். பாம்பன்காரி எனக்கு முன்பே வீட்டுக்குப் போனாள். போகும்போது பிள்ளையை என் மடியில் கொடுத்து, "புடிங்கக்கா, நல்லாப் புடிங்க. ஊருக்கு வந்தா பாம்பன்ல எறங்காமப் போகக்கூடாது" என்றாள்.

எனக்குள் ஒரு கேள்வி மட்டும் கிடந்து அரித்தது. இனிமேல் எனக்குப் பிள்ளை பிறக்குமா? கட்டு மாற்றுகிறவரிடம் கேட்டேன், "டாக்டரைக் கேளு" என்றார். வந்த டாக்டரிடம் கேட்டேன், "அதெல்லாம் அப்புறம், முதல்ல உடம்பு தேறட்டும்" என்றார். பெரிய டாக்டரம்மாவிடம் கேட்கலாம் என்று காத்திருந்தால் அவர் லீவில் போய்விட்டார். என்னை வீட்டுக்கு அனுப்புகிற நாளும் வந்துவிட்டது.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியிருப்போம். பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. சின்ன டாக்டரம்மா. மூச்சிரைக்க வந்து நின்றார்.

"நீங்க எல்லார்கிட்டயும் கேட்டீங்களாமே. ஒரு பக்கத்துச் சினைப்பையைத்தான் எடுத்திருக்கு. இன்னொரு பக்கம் நல்லா இருக்கு. கர்ப்பப்பையும் நல்லா இருக்கு. குழந்தை கண்டிப்பாப் பிறக்கும்னு நான் சொல்ல முடியாது. பிறக்கலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"அது போதும்மா" என்றார் என் கணவர்.

டாக்டரம்மா போகவில்லை. என்னைப் பார்த்து, "அன்னைக்கு நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். சீனியரைக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும். ராத்திரியெல்லாம் அழுதீங்கன்னு தெரிஞ்சப்போ..." என்று நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது. டாக்டர் ஒருவர் என்னிடம் அப்படிப் பேசுவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க நல்லா இருப்பீக தாயி" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

அந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் புது அரிசியும் மிளகாய் வற்றலும் கட்டிக்கொண்டு நாங்கள் பாம்பன் போனோம். உச்சிப்புளி தாண்டி, பாலத்தில் ரயில் மெதுவாக ஊர்ந்தபோது நான் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். கரையில் மீன் காயப்போட்ட வாடை அடித்தது. அவர்கள் வீட்டில் வைத்த நண்டுக் குழம்பை நான் எத்தனை தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்று அவள் கடைசிவரைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அவள் புருஷன் என் கணவரிடம், "அண்ணே, அக்காவுக்கு இப்ப எங்க ரத்தம்ல ஓடுது. கடல்ல எறக்கி விட்டுப் பாருங்க, தன்னால நீந்தும்" என்றார். சத்தமாகச் சிரித்தே பார்த்திராத என் கணவர் அன்றைக்குச் சோற்றுக் கையோடு சிரித்தார்.

அடுத்த கோடையில் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டச் சொல்லியிருந்தார்கள். போனோம். அதே வரிசை, அதே தள்ளுமுள்ளு. பொழுது ஏறி இறங்கின பிறகுதான் பெரிய டாக்டரம்மாவின் அறைக்குள் விட்டார்கள். என் முகத்தைப் பார்த்தார், அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. படுக்கச் சொல்லி, சேலையை விலக்கி, வயிற்றுத் தழும்பைப் பார்த்ததும், "அட, நீயா!" என்று கூவினார். அவர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. உடனே மாணவர்களைக் கூப்பிட்டார். மறுபடி ஒரு கூட்டம் என்னைச் சுற்றி நின்றது. இந்தத் தடவை அவர் தமிழிலேயே ஆரம்பித்தார். "இந்த அம்மா வந்த அன்னைக்கே தனக்கு என்னன்னு சொன்னாங்க. நாம கேட்கலை" என்றார். பிறகு இங்கிலீஷுக்குப் போய்விட்டார்.

எழுந்து அவர் காலைத் தொடப் போனேன். விடவில்லை. "சரி சரி, வெளியே எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு. நீ நல்லா இருக்கே, போ" என்று விரட்டினார். நான் வெளியே போகும்போது, எனக்குப் போர்த்தியிருந்த போர்வையை ஒரு மாணவன் எடுத்து மடித்து வைத்தான்.

எனக்கு மகள் பிறந்தது அதற்கும் இரண்டு வருஷம் கழித்து. ராமநாதபுரத்திலேயே, ஆபரேஷன் இல்லாமல், ஒரு மத்தியானம். என் மாமியார் பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார்.